நாச்சியப்பன் உலகத்தை இணைத்த வரலாறு

உலகக் கலை வரலாறு இரண்டு பாகங்களாகப் பிரிகிறது: நாச்சியப்பன் தொலைபேசியைக் கையில் எடுப்பதற்கு முன், எடுத்ததற்குப் பின். இப்படிப் பிரித்தவர் வெளிநாட்டு அறிஞர் யாரும் அல்லர். நாச்சியப்பனே பிரித்தார். வேறு எவருக்கும் அந்தத் துணிச்சல் வரவில்லை என்பதிலிருந்தே அவர் எவ்வளவு பெரிய முன்னோடி என்பது விளங்கும்.

மலேசியாவின் கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருந்த செட்டியார் வீட்டின் இளைய பிள்ளை அவர். கணக்கியல் படிக்க லண்டனுக்குப் போனார். 1973இல் திரும்பி வந்தபோது பெட்டியில் பட்டம் இல்லை. பதிலுக்கு ஒரு கோட்பாடு இருந்தது. விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே தகப்பனாரிடம் அதை விளக்கினார்.

"படைப்பாளின்னு ஒருத்தன் கிடையாது அப்பச்சி. எல்லாரும் சேந்துதான் படைக்கிறோம். ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் நடுவுல ஓடுற தொடர்பு இருக்கே, அதான் கலை."

கார் கிள்ளான் பாலத்தைத் தாண்டும்போது அப்பச்சி கேட்டார்.

"பீஸ் கட்டுனது மட்டும் நான் ஒருத்தன்தானே?"

இந்தக் கேள்விக்குக் கோட்பாட்டு ரீதியான பதில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

மறு ஆண்டே அவருடைய முதல் படைப்பு வெளியானது. பெயர் ‘மௌனம்—1’. கடையில் உட்கார்ந்துகொண்டு, தொலைபேசிப் புத்தகத்தில் கண்ணில் படும் பெட்டாலிங் ஜெயா நகர எண்களைச் சுழற்றுவார். எதிர்முனையில் ஆள் எடுத்ததும் ஒன்றும் பேசமாட்டார். அவ்வளவுதான் படைப்பு. மீதியை மக்கள் படைத்தார்கள்.

"ஹலோ? ஹலோ! யாருலா இது?"

"டேய், நீ யாருன்னு எனக்குத் தெரியும். இனிமே எம்பொண்ணுக்குப் போன் அடிச்சே, வீடு தேடி வந்து காலை ஒடிச்சிருவேன்."

இவற்றை அவர் ‘பார்வையாளர் பங்கேற்பு’ என்று வகைப்படுத்தினார். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை மட்டும் திட்டவில்லை. இரண்டு முறை ஹலோ சொல்லிவிட்டு அவரும் பேசாமல் இருந்தார். இரு முனையிலும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. எங்கோ அவர் வீட்டில் ஒரு குழாய் சொட்டியது. கடைசியில், "சரிப்பா, நீயும் தனியாத்தான் இருக்கே போல" என்று சொல்லிப் போனை வைத்தார். நாச்சியப்பனின் கலைவாழ்வில் உண்மையான இணைப்பு ஏற்பட்டது அநேகமாக அன்றுதான். அவர் அதைத் ‘தோல்வி’ என்று குறித்துக்கொண்டார். எதிர்முனை போதிய அளவு கிளர்ச்சி அடையவில்லையாம்.

அன்று முதல் ஒரு விரதமும் மேற்கொண்டார். கலை சம்பந்தமான எந்த அழைப்பிலும் வாய் திறப்பதில்லை. வெளிநாட்டுக் கலைஞர்களையும், கடிதத்தில் நேரம் சொல்லிவைத்து, அவ்வப்போது அழைத்து, சற்று மூச்சு விட்டுவிட்டு வைத்துவிடுவார். ஆம்ஸ்டர்டாமில் ‘வடகடல் மின்கலைக் கூடம்’ நடத்திய ஹெல்கா என்ற அம்மையார் அந்த மூச்சை மிகவும் மதித்தார். ‘உங்கள் அழைப்பு வந்தது. அற்புதம்’ என்று கடிதம் எழுதுவார்.

1978இல் அவருடைய கோட்பாட்டு நூல் வந்தது. பெயர் ‘ஆசிரியன் இல்லை’. அட்டையில் பெரிய எழுத்தில் ‘ஆசிரியர்: நாச்சியப்பன்’. உள்ளே முதல் பக்கத்திலும் அதே. பின்னட்டையில், கன்னத்தில் விரல் வைத்து அவர் தூரத்தைப் பார்க்கும் படம்.

அவர் மனைவி இந்திரா வங்கியில் வேலை பார்த்தவர். வீட்டில் விதிவிலக்கில்லாமல் மாதாமாதம் நடந்த ஒரே நிகழ்ச்சி அவருடைய சம்பளம். அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏங்க, ஆசிரியரே இல்லேன்னு எழுதிட்டு படம் எதுக்குங்க?"

"இல்லாத ஆள் யாருன்னு ஜனங்களுக்குத் தெரிய வேணாமா?"



அதற்கடுத்தது தந்தித் தட்டச்சுக் காலம். அப்பச்சிக்குப் பிறகு கிள்ளான் கடையை நடத்திய அண்ணன் மாணிக்கம் ஒரு டெலெக்ஸ் இயந்திரம் வாங்கினார். அவர் சாப்பிடப் போன நேரத்தில் நாச்சியப்பன் அதில் மெட்ராஸ் கைலி வியாபாரிக்கு ஒரு கவிதை அனுப்பினார்: ‘அனுப்பு. இன்னும் அனுப்பு. முடிவின்மை வரை அனுப்பு.’ வியாபாரி நாணயமானவர், அனுப்பினார். கிள்ளானில் அந்த ஆண்டு கைலி மலிவு.

"படைப்பாளி இல்ல, படைப்பாளி இல்லேங்கிறியே, இந்தக் கைலியெல்லாம் யாரு தலையில கட்டுறது?" என்று மாணிக்கம் டெலெக்ஸ் அறைக்குப் பூட்டுப் போட்டார். முன்னோடிகளுக்கு இப்படி எத்தனையோ கதவுகள்.

இவ்வாறு வளர்ந்த கலைவாழ்வு 1988இல் உச்சிக்கு வந்தது. ஹெல்கா அம்மையார் ‘உலகத் தொலைநகல் ஓட்டம்’ என்ற மாபெரும் கலை நிகழ்வை அறிவித்தார். எட்டு நகரங்கள். ஒரே நாள். ஒவ்வொரு நகரமும் தன் முறை வரும்போது ஒரு தாளைத் தொலைநகலில் அடுத்த நகரத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் அதனோடு ஏதாவது சேர்த்து அதற்கடுத்த நகரத்துக்கு அனுப்புவார்கள். எல்லாவற்றின் நகலும் எல்லோருக்கும் போகும். இறுதியில் கூட்டாக ஒரு படைப்பு உருவாகும். அதற்கு ஆசிரியர் கிடையாது.

ஓட்டத்தின் முதல் விதியை எழுதிக் கொடுத்தவர் நாச்சியப்பன்: ‘வலைக்குள் சென்ற எதையும் யாரும் திருத்தக் கூடாது, விளக்கக் கூடாது. விளக்கம் என்பது ஆசிரியனின் சர்வாதிகாரம்.’ ஹெல்கா இதை எட்டு நகரங்களுக்கும் அச்சடித்து அனுப்பினார்.

விதி இருக்கட்டும். ஓட்டத்தின் முடிவில் ஒரு கலைஞர் ஆம்ஸ்டர்டாமுக்கு ஓராண்டு விருந்தினராக அழைக்கப்படுவார் என்றும் ஹெல்கா அறிவித்திருந்தார். கால்வாய்க்கரையில் வீடு, வேலைக்கூடம், வாசலில் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. நாச்சியப்பனுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பெட்டாலிங் ஜெயாவில் அவர் பாடம் நடத்திய தனியார் கல்லூரியில் மாணவர்கள் குறைந்துகொண்டே வந்து, அடுத்த ஆண்டு அவர் வகுப்பை எடுத்துவிட்டுத் தட்டச்சு வகுப்பு வைக்கப் போவதாகப் பேச்சு. பெயர் வேண்டாம் என்று பதினைந்து ஆண்டு சொன்னவருக்கு அந்தப் பித்தளைத் தகடு ராத்திரிக் கனவில் பளபளத்தது. இந்திரா பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் பச்சை நிறத்தில் ஒரு கம்பளிச் சட்டைகூட வாங்கி வைத்துவிட்டார்.

ஒரே ஒரு குறை. நாச்சியப்பனிடம் தொலைநகல் இயந்திரம் இல்லை.

அவர் குடியிருந்த கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் அவருக்குத் தெரிந்து அந்த இயந்திரம் இருந்த ஒரே தமிழர், லோரி நிறுவனம் நடத்திய இராமலிங்கம். அவர் ‘பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டார இந்தியர் கலை, கலாசார, பூப்பந்து மன்றத்தின்’ நிரந்தரத் தலைவரும்கூட.

"பேக்ஸ்தானே? தாராளமா எடுத்துக்குங்க செட்டியாரே," என்றார் இராமலிங்கம். "ஆனா உலக நாடுகள் கலந்துக்கிற நிகழ்ச்சிங்கிறீங்க. மன்றத்துப் பேருல முறையா செஞ்சிருவோம்."

"அண்ணே, இது நிகழ்ச்சி இல்ல. ஒரு செயல்பாடு."

"செயல்பாட்டுக்குத் தலைமை யாரு?"

"தலைமை கிடையாதுண்ணே. அதான் தத்துவமே."

இராமலிங்கம் பரிதாபமாகப் பார்த்தார். "தலைமை இல்லேன்னா வரவேற்புரையில யாரை வரவேற்கிறது? நன்றியுரையில யாருக்கு நன்றி சொல்றது? நீங்க படிச்சவரு, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கலா."

நாச்சியப்பன் யோசித்துப் பார்த்தார். இயந்திரம் இராமலிங்கத்தின் மேசைமேல் இருந்தது. தத்துவம் கொஞ்சம் வளைந்து கொடுத்தது.

அந்தச் சனிக்கிழமை மாலை லோரி நிறுவனத்தின் மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ், கேசரி, வடை எல்லாம் பின்பக்கம் தயார். வாசலில் ‘உலகத் தொலைநகல் ஓட்டத்தில் கலந்துகொள்ளும் அனைவரையும் வருக வருக என வரவேற்கிறோம்’ என்று பதாகை. அதில் இராமலிங்கம் கைகூப்பிச் சிரித்தார். தொலைநகல் இயந்திரத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அதன் பக்கத்தில் குத்துவிளக்கு.

கோலாலம்பூரின் முறை ஐந்து மணிக்குத் தொடங்கி நாற்பது நிமிடம். தவறினால் அடுத்த நகரத்துக்குப் போய்விடும். அடுத்தது மெட்ராஸ்.

ஐந்து மணிக்குக் கடவுள் வாழ்த்து தொடங்கியது. பிறகு விளக்கேற்றினார்கள், ஐந்து முகத்துக்கும் ஐந்து பிரமுகர்கள். பிறகு மன்றச் செயலாளர் அய்யாவு வரவேற்புரை ஆற்ற வந்தார். முன்வரிசையில் இருந்த ஒவ்வொருவரையும் பட்டம், பதவி, அவர்களே என்று விளித்து முடித்தார். இரண்டாம் வரிசைக்குப் போனபோது நாச்சியப்பன் அவர் காதில் கிசுகிசுத்தார்.

"அய்யாவு, டைம் போவுது. உலகமே காத்துக்கிட்டு இருக்கு."

"உலகம் வெளியூரு சார், காத்திருக்கும். ரெண்டாவது வரிசை உள்ளூரு. விட்டுட்டா நாளைக்குப் பேசமாட்டாங்க."

தலைமையுரையில் இராமலிங்கம் தொலைநகலின் பெருமையை விரிவாக எடுத்துச் சொன்னார். முன்பெல்லாம் ரவாங்கில் லோரி நின்றுபோனால் தகவல் வர அரைநாள் ஆகுமாம். இப்போது ரசீதே வந்துவிடுகிறதாம். கைதட்டல் ஓய்ந்து நாச்சியப்பன் கையில் இயந்திரம் கிடைத்தபோது மீதம் ஐந்தே நிமிடம்.

அவர் நாலு ஆண்டுகளாக உருவாக்கி வைத்திருந்த தலைசிறந்த படைப்பை உறையிலிருந்து எடுத்தார். ‘மௌனம்—2’. அது ஒரு வெறுந்தாள். அடியில் மட்டும், ஆசிரியர் இல்லாத அந்தத் தாளில், தமிழிலும் ஆங்கிலத்திலும் தடித்த எழுத்தில்: ‘நாச்சியப்பன், கோலாலம்பூர்’.

இயந்திரத்தை இயக்கியவர் அலுவலகக் குமாஸ்தா சீதாலெட்சுமி. அவர் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"சார், இதுல ஒண்ணும் எழுதலியே?"

"ஒண்ணும் எழுதாததுதாம்மா படைப்பு."

"பாஸ்!" என்று சீதாலெட்சுமி குரல் கொடுத்தார். "சார் வெறுந்தாள அனுப்பச் சொல்றாரு!"

இராமலிங்கம் ஓடி வந்தார். முகம் வெளிறிவிட்டது. "வெறுந்தாளா? மன்றத்துப் பேருல, வெளிநாட்டுக்கு, வெறுந்தாளா? நல்ல காரியத்துக்கு மொதமொதல்ல ஒரு தாள் போவுது, நாலு மூலையில மஞ்சள்கூட இல்லாம போனா வெளங்குமா செட்டியாரே? உங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகைய அப்படித்தான் கொடுப்பீங்களா?"

வாதிட நேரமில்லை. இராமலிங்கம் விளக்குத் தட்டிலிருந்த மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் தாராளமாக அப்பினார். மனம் நிறையாமல் ஒவ்வொன்றின் நடுவிலும் கட்டைவிரலால் குங்குமம் வைத்து அழுத்தினார். நாச்சியப்பன் பார்த்தார். பொதுமக்கள் படைப்பில் பங்கேற்கிறார்கள். கோட்பாட்டுக்கு உகந்ததுதான். பார்க்கவும் மங்களகரமாக இருந்தது.

"அனுப்பும்மா," என்றார்.

தாள் இயந்திரத்துக்குள் மெல்லப் போயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள்.

தொலைநகலுக்கு நிறம் தெரியாது. மஞ்சளும் குங்குமமும் இந்தப் பக்கம் உள்ளே போய், மெட்ராஸில் கறுப்பாக வெளியே வந்தன. கால் மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் இது தோன்றவில்லை. கேசரி பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

மெட்ராஸ் முனையில் உட்கார்ந்திருந்தவர் ஓவியர் பழனியப்பன்; நாச்சியப்பனுக்குத் தூரத்துப் பங்காளி. அவர் கைக்கு வந்தது ஒரு தாள். நாலு மூலையிலும் கறுப்பு. நடுவில் ஒரு வார்த்தை இல்லை. அடியில் நாச்சியப்பனின் பெயர். நம்மவர்களில் எவரும் இதற்கு அகராதி பார்க்க வேண்டியதில்லை. பழனியப்பன் முதலில் கிள்ளானுக்கு மாணிக்கத்தின் கடைக்குப் போன் போட்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, விதிப்படி அடுத்த நகரத்துக்குத் தன் பங்கை எழுதினார்: ‘நம் முன்னோடி நாச்சியப்பன் மறைந்தார். எங்கள் வழக்கப்படி கறுப்பு மூலையிட்ட தாள் வந்து சேர்ந்தது. நடுவில் எழுத அங்கே எவருக்கும் மனம் வரவில்லை போலும்.’

ஆறு மணி வாக்கில் இதன் நகல் பிரிக்ஃபீல்ட்ஸில் வந்து விழுந்தது. சீதாலெட்சுமி படித்துவிட்டு, தாளை வடை தின்றுகொண்டிருந்த நாச்சியப்பனிடம் இரண்டு கையாலும் நீட்டினார்.

"சார்... நீங்க செத்துட்டீங்களாம்."

இந்திரா எட்டி வாசித்தார். "ஐயையோ! மொதல்ல பழனியப்பனுக்குப் போன் போட்டு நான் இருக்கேன்னு சொல்லுங்க!"

"சொல்லத்தான் போறேன்," என்று நாச்சியப்பன் எழுந்தார். இரங்கலுக்கு எந்த நகரமும் தன் முறை பார்க்கவில்லை; அதற்குள் இயந்திரம் மறுபடி கிறீச்சிட்டது. டோக்கியோ. ‘அவர் மௌனத்தை அனுப்பினார். பிறகு அதைக் காப்பாற்றினார்.’

நாச்சியப்பன் உட்கார்ந்துவிட்டார். அதை இன்னொரு முறை படித்தார்.

"என்னங்க, போன்!"

"இரு இந்திரா. வியன்னா என்ன சொல்லுதுன்னு ஒரு எட்டு பாத்துருவோம்."

வியன்னா சொன்னது: ‘ஆசிரியன் இல்லை என்று எழுதியவர்கள் பலர். தன் உடலாலேயே அதை நிரூபித்தவர் இவர் ஒருவர்தான்.’ டொரோண்டோ: ‘ஒரு நாள் என்னை அழைத்து ஒன்றும் சொல்லாமல் இருந்தார். இன்றுதான் அது புரிகிறது.’ சிட்னி ஒரு வட்டம் மட்டும் வரைந்து அனுப்பியிருந்தது. அது மிக நன்றாக இருந்தது.

பதினைந்து ஆண்டுகளில் அவரைப் பற்றி எவரும் இவ்வளவு சொன்னதில்லை. உயிரோடிருப்பதை அறிவிக்க அவருக்குப் போன் இருந்தது, நேரம் இருந்தது, பக்கத்தில் நின்று நச்சரிக்க மனைவியும் இருந்தார். அவர் அடுத்த தாளுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

அய்யாவு மெல்ல அருகில் வந்தார். "சார், நான் நன்றியுரை வச்சிருக்கேன். இப்ப அதைப் படிக்கவா, இல்ல இரங்கலுரையாவே மாத்திரவா? ரெண்டுக்கும் பாதி ஒண்ணுதான்."

அதற்குள் ஹெல்காவிடமிருந்து வந்தது: எட்டு நகரங்களும் இந்தக் கணமே எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் அனுசரிக்க வேண்டும்.

இராமலிங்கம் கையைத் தட்டினார். "எல்லாரும் எழுந்திரிங்கலா. வெளிநாட்டுக்காரங்க கேட்டுக்கிட்டாங்க. மரியாதை."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. எல்லோரும் எழுந்து நின்று தலை குனிந்தார்கள். நாச்சியப்பனும் நின்றார். கூட்டத்தில் அவர் ஒருவர்தான் கண்ணை மூடியிருந்தார்.

அந்த நிமிடம் நீளமாக இருந்தது. கீழே தண்டவாளத்தில் கிள்ளான் ரயில் போய், அதன் சத்தம் மறைந்தது. மின்விசிறி சுற்றியது. டோக்கியோவில், வியன்னாவில், மெட்ராஸில், முகம் பார்த்திராத மனிதர்கள் இதே நேரத்தில் பேசாமல் நிற்கிறார்கள். ஒருவரும் எதையும் அனுப்பவில்லை; ஆனாலும் ஏதோ ஒன்று எல்லோரிடமும் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. அவர் வாழ்நாளெல்லாம் தேடிய கலை அதுதான். ‘மௌனம்—2’ நிறைவேறிவிட்டது. அதை அவர் செய்யவில்லை. எல்லோரும் சேர்ந்து செய்தார்கள். அந்த நிமிடம் அவருடைய கோட்பாடு முழுவதும் உண்மையாக இருந்தது.

இங்கேயே அவர் உட்கார்ந்திருந்தால் அவர் ஒரு மகான். உட்காரும் முன் அடுத்த தாள் வந்துவிட்டது.

‘ஓராண்டு விருந்தினராக நாச்சியப்பன் அவர்களையே ஏகமனதாகத் தேர்ந்திருந்தோம். இனி அது நாச்சியப்பன் நினைவு விருந்தினர் ஆண்டு என வழங்கும். கோலாலம்பூர் மன்றம் தகுதியான ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புக.’

"நான் இருக்கேன்!" என்று அலறினார் நாச்சியப்பன். "அனுப்பு சீதா, அனுப்பு! நான் உயிரோட இருக்கேன்னு பெருசா எழுதி அனுப்பு!"

சீதாலெட்சுமி எழுதி அனுப்பினார். இரண்டே நிமிடத்தில் ஹெல்காவின் பதில்: ‘ஆசிரியன் மறைந்த பின்னும் குரல் தொடர்கிறது! அவர் கோட்பாட்டுக்கு இதைவிட அழகான தொடர்ச்சி கிடையாது. எழுதிய தோழருக்கு நன்றி. விதி ஒன்றை நினைவூட்டுகிறோம்.’

இந்திரா விதி ஒன்றை எடுத்துப் படித்துப் பார்த்தார். "நீங்க எழுதுனதுதாங்க," என்றார்.

வேறு வழியில்லை. நாச்சியப்பன் தம் விரதத்தை முறித்து ஆம்ஸ்டர்டாமுக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

"ஹெல்கா! நான்தான் நாச்சியப்பன் பேசுறேன்!" என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

எதிர்முனையில் ஹெல்கா வருத்தத்தோடு சொன்னார்: "ஐயா, நீங்கள் யாரோ தெரியாது. நாச்சியப்பன் எத்தனையோ முறை என்னை அழைத்திருக்கிறார். ஒரு முறைகூடப் பேசியதில்லை. அவர் நினைவைக் கேலி செய்யாதீர்கள்."

போனை வைத்துவிட்டார்.

அந்த நேரத்தில் படிக்கட்டு அதிர்ந்தது. அண்ணன் மாணிக்கம், கிள்ளானிலிருந்து, வேனோடு. பின்னால் பங்காளிகள், மாலைகள். "தம்பீ..." என்று கதறிக்கொண்டே உள்ளே வந்தவர், தம்பி கையில் ரிசீவரோடு நிற்பதைப் பார்த்தார். அழுகை பாதியில் நின்றது.

"என்னடா இது?"

"பேக்ஸ்ல மஞ்சள் கறுப்பாயிருச்சுண்ணே."

மாணிக்கம் மாலையைக் கீழே வைத்தார். "கைலி அனுப்புன மாதிரியா? ரவாங்லேர்ந்து சின்னம்மா கிளம்பிட்டாங்க. தெலுக் பங்லிமா காராங்லேர்ந்து மாமா ஒரு பஸ்ஸே பிடிச்சிட்டாரு. இப்ப அவங்ககிட்ட நான் என்ன சொல்ல? வந்தவங்க அழாம போகமாட்டாங்கடா!"

"வரட்டும், வரட்டும்," என்று இராமலிங்கம் முன்வந்தார். "மீ இன்னும் நெறைய இருக்கு. சீதா, பத்து நாற்காலி கூடப் போடச் சொல்லும்மா. அய்யாவு, பங்காளிமாருங்க பேரைக் கேட்டு வச்சுக்க, வரவேற்கணும்."

பிறகு நடந்தவை முறைப்படி நடந்தன. மன்றம் தேர்வுக்குழு அமைத்தது. விண்ணப்பங்கள் கோரப்பட்டன. நாச்சியப்பன் நினைவு விருந்தினர் ஆண்டுக்கு நாச்சியப்பனும் விண்ணப்பித்தார். குழு அவரைப் பரிவோடு அழைத்துப் பேசியது.

"தகுதியில குறை சொல்ல முடியாது சார்," என்றார் அய்யாவு. "ஆனா உங்க நினைவா கொடுக்கிறத நீங்களே வாங்குனா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"நான் சாகலியே அய்யாவு!"

"அது எங்களுக்குத் தெரியும் சார். வெளிநாட்டுல தெரியாதே. இப்ப போய்ச் சொன்னா, நம்ம மன்றம் பொய்த் தகவல் அனுப்புச்சின்னு ஆயிரும். மன்றத்து மானம்லா."

தாளில் நாலு மூலைகளையும் உருவாக்கியவர் என்ற தகுதியில் இராமலிங்கம் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பச்சைக் கம்பளிச் சட்டை அவருக்குக் கொஞ்சம் இறுக்கம். இந்திராவே தையலைப் பிரித்து விட்டுக் கொடுத்தார். ஆம்ஸ்டர்டாமில் அவர் ஓராண்டு தங்கி, கால்வாய்க்கரையில் வாராவாரம் ஒரு வரவேற்புரை நிகழ்த்தினார். அங்கே அதை ‘காலநீட்சிக் கலை’ என்றார்கள். ஹெல்காவுக்கு அவர் பொன்னாடை போர்த்தும் படம் தொலைநகலில் வந்தது. பொன்னாடை கறுப்பாகத்தான் தெரிந்தது.

நாச்சியப்பனின் வகுப்பைக் கல்லூரி எடுத்துவிட்டது. அவர் ஓயவில்லை. ‘ஆசிரியன் இல்லை’ நூலின் திருத்திய பதிப்பை 1990இல் கொண்டு வந்தார். கோட்பாட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பின்னட்டைப் படத்துக்குக் கீழே மட்டும் ஒரு வரி சேர்ந்திருந்தது: ‘ஆசிரியர் உயிருடன் உள்ளார். தொடர்புக்கு’ என்று போட்டு வீட்டு எண்.

அன்று வந்த இரங்கல் தாள்களையெல்லாம் சட்டம் போட்டு பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டு வரவேற்பறையில் வரிசையாக மாட்டினார். தொலைநகல் தாளுக்கு ஆயுள் கம்மி. வெயில் பட்டு, முதலில் டோக்கியோ மங்கியது. பிறகு வியன்னா. சிட்னியின் வட்டம்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, சில ஆண்டுகளில் சுவர் முழுக்க வெறுந்தாள்கள். இருபது ஆண்டுக் கோட்பாடும் ஒரு வெயிலும் சேர்ந்து உருவாக்கிய சுத்தமான மௌனம்.

இந்திரா ஒரு நாள் தூசி தட்டும்போது சொன்னார். "இப்பத்தாங்க நல்லா இருக்கு. அப்படியே விட்டுருங்க."

அவர் விடவில்லை. ஒவ்வொரு சட்டத்துக்கும் கீழே பித்தளையில் ஒரு தகடு செய்து பதித்தார்: ‘நாச்சியப்பன், கோலாலம்பூர். உயிருடன்.’ வீட்டுக்கு வருபவர்களை ஒவ்வொரு தாளின் முன்னும் நிறுத்தி, அதில் என்ன இருந்தது, யார் தம்மைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று ஆதியோடந்தமாக விளக்குவார். கேட்பவர்களுக்குப் பேச இடம் இருக்காது.

ஆக, கலைக்கு ஆசிரியன் தேவையில்லை என்பதை உலகத்துக்கு ஐயம் திரிபற நிரூபித்த முதல் மனிதர் நாச்சியப்பன்தான். எட்டு நகரங்கள் அதை ஒப்புக்கொண்டன. இராமலிங்கத்துக்கே அது புரிந்துவிட்டது. செய்தி போய்ச் சேராத ஒரே ஆள் நாச்சியப்பனேதான். அவர் பக்கம் எப்போது முயன்றாலும் லைன் கிடைப்பதில்லை, அவரே பேசிக்கொண்டிருக்கிறார்.